x இருந்த இடத்தில்

முதல் நாளே அவர் என்னோடு சண்டைக்கு வந்துவிட்டார். சண்டை எதற்கு என்றால், ஓர் அடைப்புக்குறிக்கு.

கரும்பலகையில் f(x) = x² − 5x + 6 என்று எழுதி, அப்படியானால் f(x + 1) என்ன என்று கேட்டிருந்தேன். x எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் x + 1 என்று வைத்துச் சுருக்க வேண்டும், அவ்வளவுதான் சங்கதி. பையன்கள் ஜன்னல் வழியாகப் பஞ்சு லாரிகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் பெஞ்சின் ஓரத்தில் புதிதாக வந்து உட்கார்ந்திருந்த அக்கா மட்டும் மும்முரமாக எழுதி, எழுந்து வந்து நோட்டை நீட்டினார். x² + 1 − 5x + 1 + 6 என்று இருந்தது. ஊர் உலகத்தில் எல்லாரும் செய்கிற தப்பு. x + 1 முழுவதையும் பிராக்கெட்டுக்குள் வைத்துவிட்டுத்தான் வர்க்கம் எடுக்க வேண்டும், பெருக்க வேண்டும் என்று சொல்லிச் சிவப்பு மையால் போட்டுக் காட்டினேன். விடை x² − 3x + 2 என்று வந்தது. அவர் போட்ட வழியில் x² − 5x + 8.

நோட்டை வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதானே? போகவில்லை. ஏன் பிராக்கெட் போட வேண்டும் என்று கேட்டார். போடணும்னா போடணும்க்கா என்றேன். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது, பி.எஸ்சி. கணிதம் முடித்த மப்பு வேறு. அவர் என் மேசை மேலேயே நோட்டை விரித்து, x-க்கு மூன்று என்று வைத்துப் பார்த்தார். என் விடையில் 9 − 9 + 2, ஆக இரண்டு. அவர் விடையில் 9 − 15 + 8, அதுவும் இரண்டு.

"ரெண்டும் ஒண்ணுதான டீச்சர் வருது. பொறவு எதுக்கு பிராக்கெட்டு?"

லாரி பார்த்துக்கொண்டிருந்த பையன்கள் எல்லாம் எங்கள் பக்கம் திரும்பிவிட்டார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. எத்தனையோ கணக்குப் போட்டிருக்கிறேன், இப்படி ஒரு நாளும் மாட்டிக்கொண்டதில்லை. வேறு நம்பர் போட்டுப் பாருங்க என்று கடுகடுவென்று சொன்னேன். நான்கைப் போட்டார். என்னுடையதில் ஆறு வந்தது, அவருடையதில் நான்கு. நேராக f(5) கண்டுபிடித்தபோதும் ஆறுதான். நான் மூச்சு விட்டேன். அவருக்கோ தோற்ற வருத்தம் கொஞ்சமும் இல்லை. மூணு நம்மள நல்லா ஏமாத்திருச்சு டீச்சர் என்று சிரித்தார். அதோடு விட்டாரா என்றால் அதுவும் இல்லை. மூணு மட்டும் ஏன் ஏமாத்துச்சு என்று அடுத்ததைக் கேட்டார். நல்ல வேளை, மணி அடித்தது.

வீட்டுக்கு நடந்து போகும்போது மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். இரண்டு விடைக்கும் வித்தியாசம் 2x − 6. மூன்றை வைத்தால் அது பூஜ்யமாகிவிடுகிறது, அதனால்தான் அந்த ஓர் இடத்தில் மட்டும் தப்பும் சரியும் ஒன்றாகத் தெரிகின்றன. எங்கள் வீட்டில் அப்பாவை அத்தா என்போம்; அத்தாவின் கடையைத் தாண்டிப் போனதுகூடத் தெரியாமல் நடந்திருக்கிறேன். அத்தா பின்னாலிருந்து கூப்பிட்ட பிறகுதான் திரும்பினேன்.

நான் வேலை பார்த்தது ராஜபாளையத்தில், ஒரு நூல் குடோனுக்கு மாடியில் இருந்த டுட்டோரியலில். பத்தாம் வகுப்பில் விழுந்தவர்கள் எழுந்திருக்க வருகிற இடம். நடத்தியவரை எல்லாரும் பிரின்சிபால் என்போம். நல்ல மனிதர், ஆனால் கணக்கு புரிய வேண்டும் என்று சொன்னால் அவருக்குச் சிரிப்பு வரும். வரைபடம் பத்து மார்க், வடிவியல் படம் பத்து மார்க், அதைக் கண்ணை மூடிக்கொண்டு போடப் பழக்கு, மீதிக்கு நாலு கணக்கை மனப்பாடம் பண்ண வை, முப்பத்தைந்து வந்துவிடும் என்பார். அதன்படிதான் எல்லாரையும் கரை சேர்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த அக்கா ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்தார். வயது முப்பதைத் தாண்டியிருக்கும். பெயர் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, எழுத மனமில்லை. அவரை நான் அக்கா என்றேன், அவர் என்னை டீச்சர் என்றார், அதுவே இங்கேயும் இருக்கட்டும். அவர் வீட்டுக்காரர் அரசு அலுவலகம் ஒன்றில் கிளார்க்காக இருந்து, மஞ்சள் காமாலை வந்து இறந்துவிட்டார். வாரிசுக்கு வேலை தருவார்கள். அக்கா பத்தாம் வகுப்பு பாஸ் என்றால் கிளார்க் வேலை. இல்லையென்றால் அதே அலுவலகத்தில் பியூன் வேலை. மற்ற பாடமெல்லாம் கல்யாணத்துக்கு முன்பே பாஸ், கணக்கு ஒன்றுதான் கிடந்தது. மனுக் கொடுக்கக் கெடு இருந்தது. மார்ச்சில் ஒரு பரீட்சை, தவறினால் அக்டோபரில் ஒன்று, அதற்கு மேல் கிடையாது.

ஒரு நாள் சாப்பிடும்போது அவரே சொன்னார்.

"பியூன் வேலை கேவலம்னு சொல்லல டீச்சர். ஆனா அவிய உக்காந்த மேசைய நான் தொடைக்கணும். அவியகூட வேலை பாத்தவுக எங்க வீட்டுல வந்து சாப்புட்டுருக்காக. அவுக முன்னால மணி அடிச்ச ஒடனே எந்திரிச்சு நிக்கணும். அது என்னால ஏலாது."

சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை என் பக்கம் தள்ளினார். அந்த டிபன் பாக்ஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவருக்கு எதையும் இருக்கிறபடி விட்டுவைக்க முடியாது. ஒன்று இருக்கிற இடத்தில் இன்னொன்றை வைத்தால் என்ன ஆகும் என்று பார்த்தே ஆக வேண்டும். "வச்சுத்தான் பாப்பமே" என்பது அவர் வாயில் எப்போதும் கிடக்கும். கொழுக்கட்டை கொண்டுவந்தார், பூரணம் என்று நம்பிக் கடித்தால் உள்ளே இஞ்சித் துவையல். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. அவர் சிரிக்கவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை, என் முகத்தையே கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தேங்காய்க்குப் பதிலாக நிலக்கடலை அரைத்த குழம்பு அருமையாக இருந்தது, இன்றைக்கும் நான் அப்படித்தான் வைக்கிறேன். புளிக்குப் பதிலாக நெல்லிக்காய் போட்ட ரசத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது.

பஸ்ஸையும் விடவில்லை. நேர் பஸ்ஸில் ஏறி வருகிறவர், திடீரென்று ஒரு நாள் மம்சாபுரம் வழியாகச் சுற்றி வந்து நிற்பார். வகுப்பில் பாதி முடிந்திருக்கும். அந்த வழியில் என்ன இருக்கிறது என்று கேட்டால், தெரியலைன்னுதான் டீச்சர் வந்து பாத்தேன் என்பார். எனக்கு அப்போது வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள், இப்போது வேண்டாம் என்றாலும் அத்தா பிடித்த பிடியில் நிற்கிறார் என்று அக்காவிடம் புலம்பினேன். ஆறுதல் சொல்வார் என்று பார்த்தால், ஒங்க அத்தா இடத்துல ஒங்களையே வச்சுப் பாருங்களேன், அரைகொறையா வைக்காதீங்க, அவரு வயசு, கடை, ஊர்ப்பேச்சு அம்புட்டையும் சேத்து வைங்க என்றார். இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. அப்புறம் வைத்துத்தான் பார்த்தேன். அத்தா மேல் இருந்த கோபம் கொஞ்சம் இறங்கியது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கணக்கில் அவர் செய்த அட்டகாசத்துக்கு வருகிறேன். f(x) = x² − 5x + 6 என்பது எப்போது பூஜ்யமாகும்? x இரண்டாக இருந்தால், அல்லது மூன்றாக இருந்தால். f(x + 1) எப்போது பூஜ்யமாகும்? x ஒன்றாக இருந்தால், அல்லது இரண்டாக இருந்தால். அக்கா இதை எழுதி வைத்துக்கொண்டு, ஒண்ணக் கூட்டித்தான வச்சோம், விடை ஏன் ஒண்ணு கொறையுது என்று கேட்டார். எனக்கு விடை தெரியும் என்றுதான் நினைத்தேன். சொல்ல வாயெடுத்தால் விடைக்குப் பதிலாகச் சூத்திரம்தான் வருகிறது. சூத்திரத்தைச் சொன்னால் அவர் தலையாட்ட மாட்டார். கூட்டினால் கூடத்தானே வேண்டும்? ஒரு வாரம் இதே பேச்சாக இருந்தோம்.

பிரின்சிபால் சுவர்க் கடிகாரத்தை எப்போதும் பத்து நிமிஷம் கூட்டி வைத்திருப்பார். ஒன்பது மணி வகுப்புக்கு யாரும் தாமதமாக வரக்கூடாது என்று ஏற்பாடு. ஒரு நாள் காலையில் ஒரு பையன் படியேறி வந்து, கையில் இருந்த வாட்சைக் காட்டி, இன்னும் ஒன்பதுக்குப் பத்து நிமிஷம் இருக்கிறது, அதற்குள் வகுப்பை ஆரம்பித்துவிட்டீர்களே என்று முறையிட்டான். நானும் அக்காவும் ஒரே சமயத்தில் சுவரைப் பார்த்தோம். கடிகாரத்தில் பத்தைக் கூட்டி வைத்திருக்கிறது, அதனால் ஒன்பது மணிக்கு நடக்க வேண்டியது பத்து நிமிஷம் முன்னாலேயே நடந்துவிடுகிறது. அதுதானே இது! அக்கா பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. பையன் தன்னைத்தான் கேலி செய்கிறோம் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அன்று நான் இருந்த சந்தோஷத்துக்குக் கல்லூரியில் மூன்று வருஷமும் ஈடாகாது.

மார்ச் வந்தது. பரீட்சை முடியும் நேரத்துக்கு நான் அக்கா பரீட்சை எழுதிய பள்ளிக்கூட வாசலில் போய் நின்றேன். அக்கா ஜொலித்துக்கொண்டு வெளியே வந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், தொண்ணூறு மார்க் வாங்கப் போகிறவர் முகம் அப்படித்தான் இருக்கும். வந்ததும் வராததுமாக என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், எதப் போட்டாலும் ரெண்டுதான் வருது!"

வினாத்தாளில் f(x) = x² + 3x − 1 என்று கொடுத்து, f(x + 1)-இலிருந்து f(x)-ஐக் கழிக்கச் சொல்லியிருந்தார்கள். கழித்தால் 2x + 4. அத்தோடு அந்தக் கணக்கு முடிந்தது. அக்கா முடிக்கவில்லை. வந்த 2x + 4-லும் x இருந்த இடத்தில் x + 1 வைத்து, மறுபடி கழித்துப் பார்த்திருக்கிறார். வெறும் இரண்டு வந்திருக்கிறது. அட என்று 3x-ஐ 7x ஆக்கிப் பார்த்தார், இரண்டு. கடைசியில் −1 இருந்த இடத்தில் நூறு போட்டார், இரண்டு. x²-க்கு முன்னால் மூன்றை வைத்தார், ஆறு வந்தது. அப்போ முன்னால் நிற்கிறதுதான் இரண்டு மடங்காகிக் கடைசியில் நிற்கிறது, மற்றதெல்லாம் வழியிலேயே உதிர்ந்துபோகிறது என்று கண்டுபிடித்திருக்கிறார். வினாத்தாள் ஓரமெல்லாம் பென்சிலால் போட்டு நிறைத்திருந்தார். கல்லூரியில் இதை நான் ஒரு பாடமாகவே படித்து எழுதியிருக்கிறேன். இவர் பரீட்சை ஹாலில் உட்கார்ந்து தானாகப் பிடித்திருக்கிறார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

உடனே முப்பத்தைந்து மார்க் நினைவுக்கு வந்தது. வரைபடம் போட்டீங்களாக்கா என்று கேட்டேன். இல்லை. வடிவியல் படம்? அதற்குள் மணி அடித்துவிட்டதாம். மொத்தம் எத்தனை கேள்வி எழுதினீங்க என்றேன். அக்கா விரலை மடக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டார். முகத்தில் இருந்த வெளிச்சம் அப்படியே வடிந்ததைப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த சர்பத் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, அய்யய்யோ, மேசைய மறந்துட்டேனே டீச்சர் என்றார். அவரைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன், திட்ட முடியவில்லை. அவர் பஸ் ஏறும்வரை கூட இருந்தேன்.

முடிவு வந்தபோது தோல்விதான். பிரின்சிபால் தலையில் கை வைத்துக்கொண்டார். பாஸ் பண்ணத் தெரியாதவர்களைப் பார்த்திருக்கிறேன், பாஸ் பண்ண மறந்துபோன ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். அலுவலகத்திலிருந்தும் வீட்டுக்கு ஆள் வந்து, பியூன் வேலை என்றால் இப்போதே சேர்ந்துவிடலாமே, எதற்கு இழுத்துக்கொண்டு கிடக்கிறீர்கள் என்று நல்லெண்ணத்தோடு கேட்டிருக்கிறார்கள். மாமியார் அக்டோபர் வரைக்கும் பார்ப்போம் என்று மட்டும் வந்தவரிடம் சொல்லி அனுப்பினாராம்.

அக்காவும் நானும் ஓர் ஒப்பந்தம் போட்டோம். அக்டோபர் முடியும்வரை வச்சுப் பார்க்கிற வேலையே கூடாது. கேட்டதை எழுத வேண்டும், அடுத்த கேள்விக்குப் போக வேண்டும். அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். வரைபடம் போட்டார், வட்டத்துக்குத் தொடுகோடு வரைந்தார், மறுபடி மறுபடி அதையே போட்டார். x இருந்த இடத்தில் எதை வைக்கச் சொன்னாலும் பிராக்கெட் போட்டு வைத்தார், சுருக்கினார், கோடு போட்டு விடையைக் கட்டம் கட்டினார். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. டிபன் பாக்ஸில்கூட எலுமிச்சை சாதம் எலுமிச்சை சாதமாகவே இருந்தது. நான் கேட்டபடிதான் எல்லாம் நடந்தது. ஆனால் எனக்கு வகுப்புக்குப் போகவே பிடிக்கவில்லை. கணக்குச் சொல்லிக்கொடுப்பது இவ்வளவு சலிப்பான வேலை என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அக்டோபர் பரீட்சைக்கும் வாசலில் போய் நின்றேன். இந்தத் தடவை சாதாரணமாக நடந்து வந்தார். வரைபடம் போட்டாச்சு, படம் போட்டாச்சு, எல்லாம் எழுதியாச்சு என்றார். வினாத்தாள் சுத்தமாக இருந்தது, ஒரு பென்சில் கீறல் இல்லை. நம்ம கணக்கு ஏதும் வந்துச்சாக்கா என்று கேட்டேன்.

"வந்துச்சு டீச்சர். x-க்குப் பதிலா x² வைக்கச் சொல்லிருந்தாக. கைய அந்தப் பக்கமே கொண்டு போகல. அதுக்குப் பதிலா வேற கேள்வி எழுதிட்டேன்."

சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்த்தார். பிள்ளையைக் கூட்டத்தில் விட்டுவிட்டு வந்தவர் மாதிரி இருந்தார். நல்ல காரியம் பண்ணீங்க என்று சொன்னேன். என்னால் வேறு என்ன சொல்ல முடியும்?

பாஸ். ஐம்பதுக்கு மேலேயே வந்திருந்தது. பால்கோவாவோடு வந்து எல்லார் வாயிலும் ஊட்டாத குறையாகக் கொடுத்தார். பிரின்சிபால் பார்க்கிறவர்களிடமெல்லாம் தன் வழிமுறையின் பெருமையைச் சொன்னார். கொஞ்ச நாளில் உத்தரவு வந்தது. கிளார்க்காகவே சேர்ந்தார், வீட்டுக்காரர் இருந்த அதே அலுவலகத்தில், அதே மேசை கிடைத்ததாகச் சொல்லி அனுப்பினார். எனக்கு நிறைவாக இருந்தது. கரை சேர்ந்தவர்கள் யாரும் டுட்டோரியல் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. அது ஒன்றும் பெருமையாக நினைத்துப் பார்க்கிற இடம் இல்லையே. அக்காவும் அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மார்ச்சுக்குப் புதிய ஆட்களைச் சேர்த்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிரின்சிபால் மேசைக்கு முன்னால் பையன்கள் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவரிடமும் எந்தப் பரீட்சை, எத்தனை பாடம் போச்சு என்று விசாரித்துக்கொண்டிருந்தார். வரிசையின் கடைசியில் அக்கா நின்றார். நல்ல புடவை கட்டி, கையில் வாட்ச் கட்டியிருந்தார். அவர் முறை வந்ததும் பிரின்சிபால் வாயெல்லாம் பல்லாக, யாரைச் சேர்க்கணும்மா, சொந்தக்காரப் பையனா என்று கேட்டார்.

என்னையத்தான் சார் என்றார் அக்கா.

பிரின்சிபால் கண்ணாடியைக் கழற்றினார். நீங்கதான் பாஸாயிட்டீங்களே, வேலையும் வாங்கியாச்சு, இன்னும் என்ன பரீட்சை இருக்கு என்று கேட்டார். ஆபீஸில் ஏதாவது எழுதச் சொல்கிறார்களா என்றும் கேட்டார்.

"பரீட்சையெல்லாம் ஒண்ணும் இல்ல சார். பாஸாயிட்டேன்ல. அதான் வந்துருக்கேன்."

பிரின்சிபாலுக்கு ஒன்றும் புரியவில்லை. இத்தனை வருஷத்தில் அந்த மாடிக்குப் பரீட்சை இல்லாமல் ஒருவர் ஏறி வந்ததில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அக்கா உள்ளே வந்து, பெண்கள் பெஞ்சில் இடம் இல்லாததால் பையன்களை நகரச் சொல்லி உட்கார்ந்து, நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டார். அன்றைக்கு நடத்த எழுதிப்போட்டிருந்த வரைபடக் கணக்கை அழித்துவிட்டு, எதிலிருந்து ஆரம்பிக்கலாம்க்கா என்று கேட்டேன்.